பிள்ளைப் பருவத்துத் துன்பம் வாலிபத்தில் மறைந்துவிடுமா?

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் வீட்டு முதியோர் கூறக் கேளாதார் இலர். பிள்ளை இளமையில் எதைப் பழகுகின்றதோ அதுவே இறுதிவரை அதனுடன் வரும் என்பது இப்பழமொழியின் கருத்து. ஆனால் இதனைக் கூறும்பொழுது நாம் பிள்ளையின் பழக்கத்தை மட்டுமே நினைக்கின்றோம். தொட்டிலிற் கிடந்த அப்பிள்ளைக்கு உலகம் எதைக் கொடுத்தது, எதைக் கொடாது விட்டது என்று நினைப்பதில்லை.

இருபது வயதை எட்டிய ஒரு வாலிபன் தொடங்கிய படிப்பை முடிப்பதில்லை. கையிற் கிடைத்த பணத்தை அன்றே செலவிட்டு விடுகின்றான். சிறு சொல்லுக்கும் சீறி விழுகின்றான். கொடுத்த வேலையைப் பாதியில் மறந்து விடுகின்றான். அவனைச் சுற்றத்தார் "அடக்கமில்லாதவன்" என்றும், ஆசிரியர் "கவனமற்றவன்" என்றும், வேலை கொடுத்தவர் "பொறுப்பற்றவன்" என்றும் கூறி விடுகின்றனர். இவையாவும் அவனது குணத்தின் குற்றமா? அன்றேல் நினைவு தெரியாத நாட்களிற் பட்ட காயத்தின் வடுவா? இக்கேள்விக்கு விடைகாண உளநூலாரும் வைத்தியரும் நீண்ட காலமாக முயன்று வந்துள்ளனர். அவர்கள் கண்டறிந்தவை பெற்றோரும் மாணவரும் ஒருங்கே அறிய வேண்டியவையாகும்.

மனத்தை நடத்தும் மூன்று ஆற்றல்கள்

அறிவு வேறு, அவ்வறிவை நடத்திச் செல்லும் ஆற்றல் வேறு. தேர் எத்துணை அழகுடையதாயினும் அதனைச் செலுத்துபவன் இன்றேல் அது வீதியிற் செல்லாது. மனத்தின் தேரோட்டியாக விளங்கும் ஆற்றல்களை உளநூலார் மூன்றாகப் பிரித்துக் கூறுவர்.

முதலாவது, ஒன்றைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்தி வைத்திருந்து அதனைக் கொண்டு வேலை செய்யும் ஆற்றல். மனக்கணக்குச் செய்யும் மாணவன் முதற் கூட்டலின் விடையை மறவாது வைத்துக்கொண்டு அடுத்த கூட்டலுக்குச் செல்வது இதனாலேயே. இரண்டாவது, எழுகின்ற உந்துதலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல். நாவின் நுனிவரை வந்துவிட்ட கடுஞ்சொல்லை விழுங்கிக் கொள்வது இதன் வேலை. மூன்றாவது, நிலைமை மாறியபோது வழியையும் மாற்றிக்கொள்ளும் ஆற்றல். வழக்கமான பஸ் வராவிடின், கலங்கி நில்லாது வேறு வழியை நாடுவது இதற்கோர் எடுத்துக்காட்டு.

இவற்றை அளப்பதற்கு எளிய சோதனைகள் உண்டு. அமெரிக்க உளநூல் அறிஞர் ஜோன் றிட்லி ஸ்ரூப் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை அவற்றுட் புகழ் பெற்றது. "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையினால் எழுதிக் காட்டி, மையின் நிறம் யாது என்று கேட்பர். வாய் "சிவப்பு" என்றே சொல்ல விழையும். அவ்விழைவை அடக்கிப் "பச்சை" என்று கூறவேண்டும். இவ்வடக்கத்திற்குப் பெரிதும் துணைநிற்பது மூளையின் முன்பகுதி. மூளையின் பகுதிகளுள் இறுதியாக முதிர்ச்சியடைவனவற்றுள் இதுவும் ஒன்று. அம்முதிர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கின்றது. நெடுங்காலம் வளர்வதனாலேயே இப்பகுதி நெடுங்காலம் சூழ்நிலையின் கைப்பட்டும் இருக்கின்றது. நல்ல சூழல் இதனைச் செப்பனிடும். தீய சூழல் இதனைக் குலைக்கும்.

றுமேனியாவின் துயரக் கதை

பிள்ளைகளைத் துன்பத்தில் ஆழ்த்தி ஆராய எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் ஓர் அரசாங்கத்தின் கொடிய கொள்கை, எந்த விஞ்ஞானியும் செய்யத் துணியாத ஒன்றைப் பல்லாயிரம் பிள்ளைகளுக்குச் செய்துவிட்டது. அது நிகழ்ந்த நாடு றுமேனியா.

நாட்டின் சனத்தொகையைப் பெருக்க விரும்பிய ஆட்சித் தலைவர் நிக்கொலாய் சௌசெஸ்கு 1966ஆம் ஆண்டில் 770ஆம் இலக்கக் கட்டளையைப் பிறப்பித்துக் கருச்சிதைவைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைத்தற்கு அரியனவாயின. அடுத்த ஆண்டிற் பிறந்த குழந்தைகளின் தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. வறுமையில் வாடிய குடும்பங்கள் பல, வளர்க்க இயலாத பிள்ளைகளை அரசாங்க இல்லங்களில் ஒப்படைத்தன. 1989 டிசம்பரில் அவ்வாட்சி கவிழ்ந்தபோது, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவ்வில்லங்களில் இருந்தனர்.

அங்கே சென்று கண்டோர் எழுதியவற்றைக் கல்நெஞ்சரும் கலங்காது வாசித்தல் இயலாது. வரிசை வரிசையாகத் தொட்டில்கள். ஒரு தாதியின் பொறுப்பிற் பல குழந்தைகள். பாற் போத்தல் தொட்டிலிற் சார்த்தி வைக்கப்படும். தூக்கி அணைத்துப் பாலூட்டுவார் இலர். குழந்தைகள் வெண்ணிறக் கூரையைப் பார்த்தபடியே நாட்களைக் கழித்தன. வந்தோரை வியப்பில் ஆழ்த்தியது அவ்விடத்து மௌனமே. அழுதால் ஒருவரும் வாரார் என்பதைக் கற்றுக்கொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டன.

136 குழந்தைகளின் வரலாறு

அமெரிக்க ஆராய்ச்சியாளரான சார்ள்ஸ் நெல்சன், நேதன் பொக்ஸ், சார்ள்ஸ் சீனா ஆகிய மூவரும் புத்தாயிரம் ஆண்டின் தொடக்கத்தில் தலைநகர் புக்கறெஸ்ற்றில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். அந்நகரின் இல்லங்களில் இருந்த, 6 முதல் 31 மாதம் வரை வயதுடைய 136 குழந்தைகள் இதிற் சேர்க்கப்பட்டனர். சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களிடம் அனுப்பப்பட்டனர். ஏனைய 68 பேர் வழமையான பராமரிப்பில் விடப்பட்டனர். தம் பெற்றோருடனேயே வளர்ந்த 72 குழந்தைகள் ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்டனர்.

சரிபாதிக் குழந்தைகளை இல்லத்திலேயே விட்டது நீதியா என்று வாசகர் வினவலாம். அவ்வினா அன்றே எழுந்தது, இன்றும் விவாதிக்கப்படுகின்றது. அக்காலத்திற் புக்கறெஸ்ற்றில் வளர்ப்புக் குடும்ப முறை இல்லை என்று சொல்லத்தக்க நிலையே இருந்தது. ஆராய்ச்சியாளரே 56 குடும்பங்களைத் தேடிப் பயிற்றி உதவிப் பணமும் வழங்கினர். இல்லத்தில் விடப்பட்ட குழந்தைகளுள் எவருக்கேனும் பின்னர் வேறு குடும்பம் வாய்த்தபோது அதனைத் தடுத்ததுமில்லை. காலப்போக்கில் அவர்களிற் பலர் இல்லங்களை விட்டு வெளியேறவும் செய்தனர்.

பெறுபேறுகள் 2007இல் வெளியாயின. நாலரை வயதில் நுண்ணறிவு ஈவை அளந்தபோது, இல்லத்தில் விடப்பட்டோரின் சராசரி 73. குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டோரின் சராசரி 81. பெற்றோருடன் வளர்ந்தோரின் சராசரி 109. முதலிரு தொகுதியினர்க்கும் இடையிலான வேறுபாட்டை விளைவித்தது ஒரு குடும்பத்தின் அரவணைப்பே. இரண்டு வயதுக்கு முன்னரே குடும்பத்தைச் சேர்ந்த குழந்தைகள் அதிக பயன் பெற்றனர். மூளையின் மின்னலைகளை எட்டு வயதிற் பதிவு செய்தபோதும், முன்னரே குடும்பத்தை அடைந்தோரின் அலைகள் வீட்டிற் பிறந்து வளர்ந்தோரின் அலைகளை ஒத்திருந்தன.

ஆயினும் முழுக் கதையும் இன்பமாக முடியவில்லை. இப்பிள்ளைகள் 8, 12, 16 வயதுகளில் மீண்டும் சோதிக்கப்பட்டனர். இல்லத்தில் வாழ்க்கையைத் தொடங்கியோர் நினைவாற்றலிலும், நாம் மேலே கூறிய மனத்தை நடத்தும் ஆற்றல்களிலும் பதினாறு வயதிலும் சராசரியிற் பின்தங்கியே நின்றனர். வளர்ப்புக் குடும்பம் நுண்ணறிவை உயர்த்திய அளவுக்கு இவ்வாற்றல்களை உயர்த்தவில்லை. தேரை மீண்டும் செய்வதிலும் தேரோட்டியை மீண்டும் உருவாக்குதல் கடினமெனத் தெரிகின்றது.

இங்கிலாந்துக்குச் சென்ற பிள்ளைகள்

இதே இல்லங்களிலிருந்து 1990ஆம் ஆண்டு முதலாகப் பிள்ளைகள் பலர் பிற நாட்டுப் பெற்றோரால் தத்தெடுக்கப்பட்டனர். பிரித்தானியாவுக்குச் சென்ற 165 பிள்ளைகளை மைக்கல் றட்டர் என்ற புகழ்பெற்ற உளமருத்துவரும் அவர்தம் குழுவினரும் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அப்பிள்ளைகள் 22 முதல் 25 வரை வயதுடைய வாலிபரும் யுவதிகளுமாய் வளர்ந்த பின்னர் கண்டவற்றை எட்மண்ட் சொனுகா-பார்க் என்பவரும் பிறரும் 2017இல் வெளியிட்டனர்.

ஆறு மாதத்திற்குக் குறைந்த காலம் இல்லத்திற் கிடந்தவர்கள், பிரித்தானியாவிலேயே பிறந்து தத்தெடுக்கப்பட்டோரை ஏறக்குறைய ஒத்திருந்தனர். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களிடமோ, கவனச் சிதறல், அமைதியின்மை, அந்நியரிடம் வரம்பின்றி நெருங்குதல் போன்றவை வாலிபத்திலும் நீடித்தன. சிறுவயதில் மிகத் தாழ்ந்திருந்த அவர்களது நுண்ணறிவு, வாலிபத்தில் இயல்பான எல்லையை எட்டிவிட்டது. அறிவு மீண்டது; கவனமும் அடக்கமும் அவ்வாறு மீளவில்லை. அன்புமிக்க பெற்றோருடன் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் நிலைமை இதுவாயின், "இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் திருந்தவில்லையே" என்று ஒரு வாலிபனைக் கடிந்துகொள்வது எத்துணை அநீதி என்பது விளங்கும்.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, இவ்வாறு தத்தெடுக்கப்பட்ட 67 பேரின் மூளையைப் படம்பிடித்து, பிரித்தானியாவிற் பிறந்து தத்தெடுக்கப்பட்ட 21 பேரினதுடன் ஒப்பிட்டது. றுமேனியாவிலிருந்து வந்தோரின் மூளைப் பருமன் சராசரியில் 8.6 சதவீதம் குறைந்திருந்தது. இல்லத்திற் கழித்த காலம் நீள நீள இக்குறைவும் பெருகியது.

காரணம் யாது?

குழந்தை மழலை பேசுகின்றது. தாய் சிரித்து மறுமொழி கூறுகின்றாள். குழந்தை கையை நீட்டுகின்றது. பாட்டி அப்பொருளை எடுத்து அதன் பெயரைச் சொல்லிக் கொடுக்கின்றாள். நாளொன்றுக்கு எத்தனையோ முறை நிகழும் இக்கொடுக்கல் வாங்கலே மூளையின் நரம்புத் தொடர்புகளை உரமூட்டி வளர்க்கும் உணவு. தாலாட்டும் கைவீசம்மாவும் வெறும் விளையாட்டல்ல. இவ்வுணவு கிடையாதபோது பயன்படாத தொடர்புகள் அருகிப் போகின்றன.

துன்பங்கள் யாவும் ஒரே வகையின அல்ல என்பதும் கவனிக்கத் தக்கது. மார்கறெற் ஷெரிடன், கேற்றி மக்லோலின் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், துன்பத்தை இல்லாமை என்றும் அச்சம் என்றும் இரண்டாகப் பிரித்தனர். பேச்சும் பராமரிப்பும் கிட்டாத இல்லாமை, மொழியையும் மனத்தை நடத்தும் ஆற்றலையுமே பெரிதும் தாக்கும். அடி, உதை, வன்முறை ஆகியவற்றால் எழும் அச்சமோ, உணர்ச்சிகளையே முதலிற் தாக்கும். ஆபத்து இல்லாத இடத்திலும் ஆபத்தைக் காணும் விழிப்பை மனத்தில் ஊன்றிவிடும். இரண்டும் ஒரே வீட்டில் ஒருங்கே நிகழ்தலும் உண்டு.

வாக்குத் தவறிய உலகம்

தன்னடக்கம் பற்றிய மற்றுமொரு பரிசோதனையை இங்கு கூறாதிருத்தல் இயலாது. ஸ்ரான்போட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வோல்ற்றர் மிஷெல் 1960களின் பிற்பகுதி தொடக்கம் சிறுவர் முன் ஓர் இனிப்பை வைத்து, "நான் திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டு தருவேன்" என்று கூறிச் சென்று பார்த்தார். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்திற் படிப்பிலும் சிறந்தனர் என்று சொல்லப்பட்டது. ஆனால் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, குடும்ப நிலையைக் கணக்கிற் கொண்டதும் அத்தொடர்பிற் பெரும்பகுதி மறைந்து விடுவதைக் காட்டியது.

இதனினும் சுவையானது 2013இல் வெளியான ஒரு சோதனை. 28 பிள்ளைகளிடம், "இன்னும் நல்ல வர்ணப் பொருள்கள் கொண்டு வருகின்றேன், காத்திரு" என்று ஒருவர் கூறினார். ஒரு பாதியினருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மறு பாதியினருக்கு வெறுங்கையுடன் வந்து, "இல்லை" என்றார். பின்னர் இனிப்புச் சோதனை நடந்தது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாற்றப்பட்டோர் மூன்று நிமிடமே பொறுத்தனர். வாக்குத் தவறும் உலகில் இன்று கைக்கு எட்டியதை இன்றே உண்பது மடமையன்று; அனுபவம் கற்பித்த பாடமேயாகும். சில நிமிட ஏமாற்றமே இவ்வளவு செய்யுமாயின், ஆண்டுக்கணக்கான ஏமாற்றம் என்ன செய்யாது?

துன்பச் சூழல் சில திறமைகளைத் தீட்டுவதும் உண்டு. நிலையற்ற வீட்டில் வளர்ந்தவர்கள், நிச்சயமின்மை சூழ்ந்த வேளையில், தடுத்து நிறுத்தும் ஆற்றலிற் பிறரினும் குறைந்தும், விரைந்து மனத்தை மாற்றிக்கொள்ளும் ஆற்றலிற் பிறரினும் மிகுந்தும் விளங்கினர் என 2015இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. எனவே இவர்களை ஊனமுற்ற மனத்தினர் எனக் கொள்ளலாகாது. வேறொரு காலநிலைக்குப் பழகிய பயிர்கள் எனக் கொள்வதே பொருத்தம்.

நம் நாட்டிற் கண்டவை

இவை தொலைதூர நாடுகளின் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போரினாற் பாதிக்கப்பட்ட நம் நாட்டுப் பகுதிகளில் 420 பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு நடைபெற்ற ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, அன்புக்குரியோரின் மரணத்தைக் கண்ணெதிரே காணுதல் போன்ற கொடிய அனுபவங்களைப் பெற்றிருந்தனர். நூற்றுக்கு 25 பேரிடம் அவ்வனுபவத்தின் தாக்கம் ஒரு நோயாகவே நிலைத்திருந்தது. அவ்வாறு பாதிக்கப்பட்டோரின் நினைவாற்றலும் பாடசாலைத் தேர்ச்சியும் குன்றியிருந்தன. வடகிழக்கில் 2004 கடல்கோளுக்குப் பின்னர் நடைபெற்ற வேறோர் ஆய்வு, போரும் கடல்கோளும் மட்டுமன்றி, வீட்டினுள் நிகழும் அடியும் தந்தையின் குடியும் பிள்ளையின் மனத்தை நோயுறச் செய்வதைக் காட்டியது. போரை நிறுத்துவது பெற்றோர் கையில் இருந்ததில்லை. வீட்டினுள் ஓங்கிய கையை நிறுத்துவது அவர் கையிலேயே இருக்கின்றது. அன்று அப்பாடசாலைகளில் இருந்த சிறுவர் இன்று பிள்ளை பெற்று வளர்க்கும் வயதினர்.

விதியன்று

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, துன்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை என்று முடிவு கட்டுவோர் பெரும் பிழை செய்வர். இவை யாவும் சராசரிகள். பிரித்தானிய ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்திற் கிடந்தோரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எந்த வயதிலும் எக்குறையுமின்றி வளர்ந்தனர். மேலும், மினசோற்றா சர்வகலாசாலையின் மெகன் குணரும் அவர்தம் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் வளர்ந்து பின் நல்ல குடும்பத்தை அடைந்த பிள்ளைகள் பருவமடையும் காலத்தில், நெருக்கடியை எதிர்கொள்ளும் உடலின் சுரப்புகள் மீண்டும் சீரடையத் தொடங்குகின்றன. இயற்கை ஒரு கதவைச் சாத்தினாலும் வேறொன்றைச் சற்றே திறந்து வைக்கின்றது.

நியூசீலாந்தின் டனீடின் நகரில் 1972-73இற் பிறந்த 1,037 பிள்ளைகளின் வாழ்வை ஆராய்ந்தோர், சிறுவயதில் தன்னடக்கம் குன்றியோர் முப்பத்திரண்டு வயதில் உடல்நலத்திலும் பணவிடயத்திலும் அதிக இடர்ப்பட்டதைக் கண்டனர். அவர்களே மற்றொன்றையும் கண்டனர்: சிறுவயதுக்கும் வாலிபத்துக்கும் இடையில் தன்னடக்கம் உயர்ந்தோரின் வாழ்வும் எதிர்பார்த்ததினும் உயர்ந்திருந்தது. ஆகவே இவ்வாற்றல் வளரக்கூடியதே.

வளர்ப்பதற்கு வழிகள் எளியன. உணவும் உறக்கமும் படிப்பும் குறித்த நேரத்தில் நடக்கும் வீடு, பிள்ளைக்கு நாளை என்பதை நம்பக் கற்பிக்கின்றது. வாக்களிக்கு முன் யோசித்து, அளித்தபின் காப்பாற்றும் பெற்றோர் பொறுமையைப் போதியாமலே போதிக்கின்றனர். ஆசிரியர் நீண்ட வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தால், மனத்தில் ஏந்தும் ஆற்றல் குறைந்த மாணவனும் முடித்துக் காட்டுவான். பலர்முன் அவமதிப்பது முன்னரே விழிப்பிலிருக்கும் மனத்தை மேலும் அச்சுறுத்துவதேயன்றி அடக்கத்தை வளர்ப்பதன்று.

இதனை வாசிக்கும் மாணவன் ஒருவன் தன்னையே இதிற் காணக்கூடும். அவன் தன்னை வெறுக்க வேண்டியதில்லை. நினைவு தவறுமாயின் எழுதி வைக்கட்டும். சினம் எழும் இடத்தை விட்டுச் சற்று நடக்கட்டும். செலவழியும் பணத்தைக் கைக்கு எட்டாத சேமிப்பில் இடட்டும். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் மனந்திறந்து பேசட்டும். துயரம் தாங்கொணாததாயின் வைத்தியரை நாடுவதில் இழுக்கில்லை. கண் மங்கினால் மூக்குக் கண்ணாடி அணிகின்றோம். அடக்கத்திற்கும் அவ்வாறு துணைகள் உண்டு.

றுமேனியா தன் பிழையிலிருந்து ஒரு பாடம் கற்றது. கடுமையாக ஊனமுற்ற குழந்தைகள் நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட எக்குழந்தையையும் இவ்வாறான இல்லங்களில் விடலாகாது என 2004ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிற்று. சட்டங்கள் நாட்டுக்கு உரியவை. வீட்டுக்கு வேண்டியது சற்றே பொறுமையுள்ள கண். ஒரு வாலிபனைக் கட்டுப்பாடற்றவன் என்று தீர்ப்பளிக்கு முன், அவன் சிறுவனாயிருந்த காலத்தில் அவனுக்களித்த வாக்கை எவரேனும் காப்பாற்றினரா என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நன்று. இல்லையெனில், அதைத் தொடங்குதற்கு இன்றும் காலம் கடந்துவிடவில்லை.